வெள்ளவத்தையில் ஓர் அறை தேடி

2023 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஒரு நாள் இரவு, நானும் எனது அக்காவின் மகளும் மட்டக்களப்பு புகையிரத நிலையத்தில் கொழும்பு செல்லும் இரவுப் புகையிரதத்துக்காகக் காத்திருந்தோம். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா முடித்திருந்தாள். கொழும்பில் தனியார் நிறுவனமொன்றில் கணக்கு உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. அதற்கு விண்ணப்பித்தது இணையத்தில். நேர்முகப் பரீட்சை நடந்ததும் இணையத்தில். தங்குவதற்கு வெள்ளவத்தையில் ஓர் அறையையும் அவளே முகநூலில் தேடிப் பிடித்து, முற்பணமும் அனுப்பி முடித்திருந்தாள். வீட்டை விட்டு ஓரடி எடுத்து வைக்காமலே வேலையும் வீடும் கிடைத்துவிட்டன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

அக்காவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. புறப்படும்போது என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "நீ அங்க இருந்தவள். போய்ப் பார். உனக்குச் சரியில்லையெண்டு பட்டால் கையோட கூட்டிக்கொண்டு வந்திடு" என்றார். அவர் என் கையில் தந்தது சாப்பாட்டுப் பொதி மட்டுமல்ல, தீர்ப்பையும் சேர்த்துத்தான்.

தொழிலுக்காக ஊர் மாறப் போகும் சகோதரிகளுக்கும், பிள்ளையை அனுப்புவதா விடுவதா என்று தூக்கமின்றிக் கிடக்கும் தாய்மாருக்கும் அந்தப் பயணத்தில் நாங்கள் கற்றவை ஏதாவது விதத்தில் உதவக்கூடும் என்ற எண்ணத்திலேயே இதனை எழுதுகிறேன்.

இரவுப் புகையிரதம்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் புகையிரதப் பாதை ஏறக்குறைய 350 கிலோமீற்றர். ஏறாவூர், வாழைச்சேனை, புனானை, வெலிக்கந்தை, மனம்பிட்டி என்று ஒவ்வொரு நிலையமாகப் பின்னே போகும். வாழைச்சேனையைக் கடக்கும்போது இருட்டில் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அங்குள்ள காகித ஆலையின் நினைவு வந்தது. எங்கள் அப்பாவின் காலத்தில் அந்த ஆலையில் வேலை என்றால் ஊரில் தனி மதிப்பு. யுத்த காலத்தில் அது முடங்கிப் போனது. ஆலை இருந்தபோது அந்தப் பகுதிப் பிள்ளைகள் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். ஆலை ஓய்ந்தபின் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போனார்கள். நம் பெண்கள் ஊர் மாறுவதை ஆசை என்றும் துணிச்சல் என்றும் பேசுகிறவர்கள், ஊரில் என்ன வேலை இருக்கிறது என்பதையும் ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிள்ளை ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. மகாவலிப் பாலத்தில் வண்டி ஏறும்போது எழும் அந்த வெற்றுச் சத்தத்தைக் கேட்டதும் 2007 ஆம் ஆண்டு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை. வெள்ளவத்தையில் வேறு மூன்று பெண்களுடன் ஓர் அறையில் இருந்தேன். பொலிஸ் பதிவுத் துண்டை அடையாள அட்டையோடு சேர்த்து எப்போதும் கைப்பையில் வைத்திருக்க வேண்டிய காலம் அது. அவ்வாண்டு ஜூன் 7 ஆம் திகதி கொழும்பில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் 350 க்கும் மேற்பட்டோர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. நான் விடுதியில் இருக்கவில்லை. என்னை எவரும் தொடவுமில்லை. ஆனால் அம்மா தொலைபேசியில், "செத்தாலும் எல்லாரும் ஒண்டாச் சாவம், வந்திடு மகள்" என்று அழுதார். அந்த நேரம் மட்டக்களப்பிலும் யுத்தம்தான். இருந்தும் வேலையை விட்டுவிட்டு அந்த வாரமே ஊருக்கு வந்துவிட்டேன்.

வந்தது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் கொழும்பில் இருந்திருந்தால் என் தொழில் எப்படிப் போயிருக்கும் என்ற கேள்வி மட்டும் பதினாறு வருடமாக என்னை விட்டுப் போகவில்லை.

வெள்ளவத்தையின் காலை

விடியற்காலையில் கொழும்பு கோட்டையில் இறங்கி, கரையோரப் பாதையில் செல்லும் புகையிரதத்தில் ஏறினோம். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அடுத்தது வெள்ளவத்தை. வலப்பக்கம் முழுக்கக் கடல். தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையில் கருங்கற்கள் மட்டுமே. "சின்னம்மா, கல்லடிக் கடலைப்போல இல்ல, இது ரயிலுக்குள்ள வந்திடும்போல" என்றாள் பிள்ளை.

கொழும்பு 6 என்று தபால் முகவரியில் எழுதப்படும் இந்த இடம், காலி வீதியைத் தண்டுவடமாகக் கொண்டது. வீதியின் ஒரு பக்க ஒழுங்கைகள் கடலை நோக்கி இறங்கி மரைன் டிரைவில் முடிகின்றன. மறுபக்க ஒழுங்கைகள் ஹவ்லொக் வீதியையும் பாமன்கடையையும் நோக்கிப் போகின்றன. புடவைக் கடைகள், நகைக் கடைகள், காலையிலேயே ஆவி பறக்கும் இடியப்பக் கடைகள். கோயில் மணியும், தேவாலய மணியும், பள்ளிவாசலின் பாங்கும் ஒன்றையொன்று இடிக்காமல் கேட்கும். 1942 இல் ஆரம்பிக்கப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இங்கேதான் இருக்கின்றன. வேலைக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் புகலிடமாக இருந்தது அந்த நூலகம்தான்.

நான் அறிந்த வெள்ளவத்தை அல்ல இது. ஓட்டு வீடுகள் இருந்த வளவுகளில் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த நெசவாலை இருந்த பெரிய நிலத்தில் இப்போது வானளாவிய குடியிருப்புகள். வாழைச்சேனையில் ஆலை ஓய்ந்தது, இங்கும் ஆலை போனது. ஆனால் இங்கே அதன் இடத்தில் வேறு தொழில்கள் வந்தன. அதனால்தான் அங்கிருந்து இங்கே ரயில் ஏறுகிறோம்.

இல்லாத வீடு

காலை ஏழரை மணிக்கு, கைத்தொலைபேசியில் இருந்த முகவரியோடு அந்த ஒழுங்கைக்குள் நுழைந்தோம். அறை 41 ஆம் இலக்க வீட்டில் என்று எழுதியிருந்தது. ஒழுங்கையோ 24 ஆம் இலக்கத்தோடு முடிந்துவிட்டது. இரண்டு தரம் மேலும் கீழும் நடந்தோம். வீட்டுக்காரர் என்று சொன்னவரின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்கள் பயணப்பையைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார்.

"நாற்பத்தொண்டா? இந்த இலக்கத்தைத் தேடி வாறதுக்கு நீங்கள் முதல் ஆக்கள் இல்லைப் பிள்ளை."

படத்தில் பார்த்த வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலும், கடல் தெரியும் ஜன்னலும் எந்த நாட்டில் இருந்தனவோ தெரியாது. அனுப்பிய முற்பணம் 15,000 ரூபா. அது அக்கா கட்டிவந்த சீட்டில் எடுத்த காசு. பிள்ளை ஒழுங்கை மதிலோரம் பயணப்பையின் மேல் இருந்துவிட்டாள். "அம்மாட்டச் சொல்லாதீங்க சின்னம்மா" என்றதைத் தவிர வேறு பேச்சில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அந்த இடத்திலேயே அடுத்த புகையிரதத்தில் திரும்பிவிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அக்கா சொன்ன "சரியில்லாதது" கண்முன்னே நடந்துவிட்டது. எவரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் மதிலோரம் தலைகுனிந்திருந்தவளைப் பார்த்தபோது, அம்மா கூப்பிட்டதும் பையைக் கட்டிய பழைய நானே அங்கே இருப்பதுபோலத் தெரிந்தது. "காசைத்தான் இழந்திருக்கிறம். வேலையை இன்னும் இழக்கேல்ல. எழும்பு, முதல்ல அது உண்மையா எண்டு பார்ப்பம்" என்றேன்.

100 ஆம் இலக்க பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்குப் போனோம். நிறுவனத்தின் பெயர்ப்பலகை இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் இவளுடைய பெயரைப் பதிவேட்டில் காட்டினாள். நியமனக் கடிதம் அச்சிட்டுத் தயாராக இருந்தது. ஒரே கைத்தொலைபேசியில் வந்த இரண்டு செய்திகளில் ஒன்று முழுப் பொய், மற்றது முழு உண்மை. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. நேரில் போய்ப் பார்த்தபோதே வித்தியாசம் தெரிந்தது.

பின்னர் அருகிலிருந்த பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, வங்கிக்கும் அறிவித்தோம். காசு திரும்பவில்லை. எனினும் முறைப்பாட்டுப் பிரதி ஒன்று கையில் இருப்பது நல்லது. அவளுடைய அடையாள அட்டையின் இரு பக்கப் படங்களும் அந்த மோசடிக்காரரிடம் போயிருந்தன. நாளைக்கு அவள் பெயரில் யாராவது ஏதாவது செய்தால், அட்டையின் படம் எப்படிப் போனது என்பதற்கு அது ஒரு சாட்சி.

அறை எடுக்கும்போது

அன்று பின்னேரம், 2007 இல் நான் இருந்த வீட்டைத் தேடிப் போனேன். வீடு இல்லை. அந்த வளவில் ஐந்து மாடிக் கட்டடம். ஆனால் வீட்டுக்கார அன்ரி அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தார்! காணியைக் கொடுத்ததற்கு இரண்டு வீடுகள் கிடைத்தனவாம். என்னை அடையாளம் கண்டு, தேநீர் தந்து, ஓர் அறையில் இரண்டு பெண்கள் இருப்பதாகவும் மூன்றாவது கட்டிலுக்கு இடமிருப்பதாகவும் சொன்னார். மாதம் 18,000 ரூபா.

எல்லோருக்கும் இப்படிப் பழைய அன்ரி அகப்படமாட்டார். அப்படியானவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

அறையை நேரில் பார்க்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். உங்களால் போக முடியாவிட்டால் அங்கிருக்கும் ஊரவர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். "வேறு ஆள் கேட்கிறார், இன்றைக்கே போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் அந்த அறையை விட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கின் பெயரும் வீட்டுக்காரரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். எங்கள் விடயத்தில் இரண்டும் வேறு. அதைக் கேட்க வேண்டுமென்று பிள்ளைக்குத் தோன்றவில்லை.

பார்க்கப் போகும்போது பகலில் ஒரு முறையும், இருட்டிய பின் ஒரு முறையும் போங்கள். பகலில் கலகலப்பாக இருக்கும் ஒழுங்கை இரவு எட்டு மணிக்கு எப்படி இருக்கிறது என்பதே முக்கியம். கதவுக்கு உட்பூட்டு இருக்கிறதா, குளியலறையை எத்தனை பேர் பாவிக்கிறார்கள், வீட்டில் ஆண்கள் யார் யார், தண்ணீர், மின்சாரக் கட்டணம் வாடகைக்குள் அடங்குமா, எத்தனை மணிக்குப் படலை பூட்டப்படும் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஏற்கெனவே அங்கிருக்கும் பெண்ணோடு வீட்டுக்காரர் இல்லாத இடத்தில் ஐந்து நிமிடம் பேசுங்கள். கொடுக்கும் காசுக்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். அறிமுகம் எதுவும் இல்லாதவர்கள் முதல் மாதத்துக்கேனும் பெண்களுக்கென்று அமைப்புகள் நடத்தும் விடுதியொன்றில் தங்கி, அங்கிருந்து நிதானமாக அறை தேடலாம்.

சம்பளக் கணக்கு

அன்றிரவு அன்ரியின் மேசையில் ஒரு கொப்பியை விரித்து நானும் பிள்ளையும் கணக்குப் பார்த்தோம். சம்பளம் 60,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம், அதாவது 4,800 ரூபா கழியும். கையில் 55,200. அறைக்கு 18,000, சாப்பாட்டுக்கு 20,000, பஸ்ஸுக்கு 5,000, தொலைபேசிக்கு 1,500, சவர்க்காரம், மருந்து போன்றவற்றுக்கு 3,000, மாதம் ஒரு தரம் ஊருக்கு வந்துபோக 4,000. மிச்சம் 3,700 ரூபா!

பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. ஊரில் ஒரு கடையில் கணக்கு எழுதினால் 35,000 தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருந்து, வீட்டுச் சோறு தின்று, அதில் பாதியை மிச்சம் பிடிக்கலாம். அப்படியானால் ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டும்?

பலர் போடாமல் விடும் கணக்கு இது. வந்தபின் ஆறாம் மாதம் ஏமாந்து திரும்புவதும் இதனால்தான். உடனடிக் காசுக்காக மட்டும் கொழும்புக்கு வந்தால் பெரும்பாலும் மிஞ்சாது. தொழிலைக் கற்க வருவதென்றால் கணக்கு வேறு. கடையில் எழுதும் பேரேட்டில் ஐந்து வருடம் கழிந்தாலும் அதே பேரேடுதான். இந்த நிறுவனத்தில் கணக்காய்வு, வரி, கணனி மென்பொருள் எல்லாம் பழகலாம். தொழில்சார் பரீட்சைகளுக்குத் தோற்றலாம். ஆகவே, "இரண்டு வருடம். அதற்குள் இன்னின்ன பழக வேண்டும். பழகாவிட்டால் வேறு வழி பார்ப்பது" என்று அதே கொப்பியில் எழுதிக் கையொப்பமும் இட்டாள். எங்கே போகிறோம் என்பதோடு, எவ்வளவு காலத்துக்கு, எதற்காக என்பதும் எழுத்தில் இருந்தால் மனம் தடுமாறாது.

நியமனக் கடிதத்தில் பார்க்க வேண்டியவையும் உண்டு. பதவி, அடிப்படைச் சம்பளம், தகுதிகாண் காலம், வேலை நேரம், விடுமுறை ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். சேமலாப நிதிக்கு உங்களிடம் எட்டு வீதம் கழிக்கும்போது தொழில்தருநர் தம் பங்காகப் பன்னிரண்டு வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மூன்று வீதமும் செலுத்த வேண்டும். இது சட்டம், சலுகை அல்ல. தகுதிகாண் காலத்திலும் இது பொருந்தும். உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலை தருவதற்குப் "பதிவுக் கட்டணம்", "பயிற்சிக் கட்டணம்" என்று முன்கூட்டியே காசு கேட்டால் அங்கிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

படிப்பைத் தொடர ஊர் மாறித்தான் ஆக வேண்டும் என்றுமில்லை. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலும் நிலையம் உண்டு. தொழிற்பயிற்சிகளுக்கு ஒன்று முதல் ஏழு வரையான தேசிய தொழில் தகைமைத் தரங்கள் உண்டு. எந்தப் பாடநெறிக்கும் காசு கட்டுமுன் அது எந்தத் தரத்தில் பதிவு செய்யப்பட்டது என்று கேளுங்கள். அரச வேலை விளம்பரங்கள் வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும். அதை இப்போது இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

கைத்தொலைபேசி என்னும் வாசல்

இணையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் காலத்தில் ஒரு வேலை விளம்பரத்தைப் பார்க்கக் கொழும்பில் யாராவது தெரிந்திருக்க வேண்டும். இன்று கல்லடியில் இருந்துகொண்டே பார்க்கலாம். ஆனால் வீட்டு வாசலைப்போல அதற்கும் ஒரு கதவும் பூட்டும் தேவை.

அடையாள அட்டைப் பிரதியைத் தவிர்க்கமுடியாமல் கொடுக்க நேர்ந்தால், இன்ன தேவைக்கு, இன்ன திகதியில் கொடுத்தது என்று அதன் மேல் குறுக்காக எழுதிக் கொடுங்கள். வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கத்தை எவருக்கும் சொல்லாதீர்கள். வங்கி ஊழியரும் அதைக் கேட்கமாட்டார். தனியே இருக்கும் ஊரில் எங்கே இருக்கிறேன், எத்தனை மணிக்கு வருகிறேன் என்பதை முகநூலில் எழுதாதீர்கள். உங்கள் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பயந்து காசு கொடுக்க வேண்டாம். செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள். கணனி, இணையம் தொடர்பான பிரச்சினைகளுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101, பெண்களுக்கான உதவிக்கு 1938 ஆகிய இலக்கங்களை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வேலை என்று இணையத்தில் வருபவற்றில் இன்னும் கூடிய கவனம் தேவை. தாய்லாந்தில் கணனி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இலங்கையர் பலர், மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட செய்திகளை 2023, 2024 ஆம் ஆண்டுகளில் பத்திரிகைகளில் வாசித்தோம். அவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டுவிட்டே மேற்கொண்டு பேசுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள்.

திரும்பும் வழியில்

அன்றிரவே அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, காசு போனதைப் பிள்ளையே சொன்னாள். நான்தான் சொல்லச் சொன்னேன். முதல் நாளே ஒரு பொய்யை வீட்டுக்கும் அறைக்கும் நடுவில் வைத்துவிட்டால், நாளைக்குப் பெரிய கஷ்டம் வரும்போது வாய் திறக்க முடியாது. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காசு போகட்டும். நீ சாப்பிட்டியா?" என்றார். பிள்ளை அப்போதுதான் அழுதாள்.

இரண்டு நாள் தங்கி, வேலைத்தளத்துக்குப் போய்வரும் பாதையை அவளோடு நடந்து காட்டி, தேவையான சிங்கள வசனங்கள் கொஞ்சத்தைக் கொப்பியில் எழுதிக் கொடுத்து, மூன்றாம் நாள் நான் தனியே புகையிரதம் ஏறினேன். மனம்பிட்டிப் பாலத்தில் அதே சத்தம் கேட்டது. இம்முறை அது வேறுவிதமாக இருந்தது.

அவள் கையொப்பமிட்ட இரண்டு வருடமும் கழிந்துவிட்டது. பரீட்சையின் ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டாள். இன்னும் ஒரு வருடம் என்று அதே கொப்பியில் புதுத் திகதி போட்டிருக்கிறாள். அந்த 15,000 ரூபாவைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அக்காவிடம் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்கள் பக்கத்துப் பெண்கள் எவராவது வெள்ளவத்தையில் அறை தேடினால், காசு அனுப்புமுன் இவள் நேரில் போய் வீட்டைப் பார்த்துச் சொல்கிறாள். இதுவரை நான்கு அறைகளைப் பார்த்திருக்கிறாள். அவற்றில் ஒன்று, அந்த 41 ஆம் இலக்கத்தைப் போலவே, இல்லாத வீடு.

சகோதரிகளே, உங்கள் ஊரிலிருந்து முன்னே போனவள் யார் என்று பாருங்கள். போகுமுன் அவளிடம் கேளுங்கள். போய்ச் சேர்ந்தபின், அடுத்து வருபவளுக்கு ஒரு கதவைத் தட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.